வற்றிய ஏரியும் வந்த சாரசங்களும்

சுவீடன் நாட்டின் தென்பகுதியில், வேனர்ன், வெட்டர்ன் என்னும் இரு பேரேரிகளுக்கு இடையே அமைந்த நிலப்பகுதி வேஸ்டர்யோட்லாந்து ஆகும். அங்கே ஸ்காரா, ஃபால்ஷோப்பிங் ஆகிய சிற்றூர்களுக்கு அண்மையில் ஹார்ன்போர்யா என்றோர் ஆழமற்ற ஏரி உண்டு. பனி உருகி, மண் இன்னும் குளிர் நீங்காதிருக்கும் பங்குனித் திங்களில் அவ்வேரிக்கரை மக்கள் வானை நோக்கியிருப்பர். தெற்கிலிருந்து சாம்பல் நிறச் சாரசங்கள் வரும். வந்தால் வேனில் வந்தது என்பது அவர்தம் வழக்கு.

ஸ்பெயின், பிரான்சு, செர்மனி ஆகிய நாடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வடபுலத்துச் சதுப்புகளில் கூடு கட்டச் செல்லும் பறவைகள் இவை. இடையில் சில நாள் இங்குத் தங்கி இரையுண்டு இளைப்பாறும். இணையோடு இணை எதிர்நின்று, சிறகு விரித்துத் துள்ளி, எக்காளம் போன்ற குரலெழுப்பி ஆடும். ஏப்ரல் தொடக்கத்தில், ஒரே நாளில் 20,000க்கும் மேற்பட்ட பறவைகள் எண்ணப்பெற்ற ஆண்டுகளும் உண்டு.

இப்பறவையைத் தமிழில் எப்பெயரால் சுட்டுவது? கொக்கு என்றாலும் நாரை என்றாலும் பொருந்தாது. அவை வேறு குடும்பத்தன. வடஇந்தியச் சாரசமே இதன் நெருங்கிய உறவு. இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் மண்ணிற் பிறந்த பேரறிஞர் லின்னேயசு, 1758இல் உயிரினங்களை வகைப்படுத்தியபோது இப்பறவையைக் கொக்கினத்தோடு சேர்த்தே எழுதினார். தம் நாட்டு வானில் ஆண்டுதோறும் பறந்ததையே அவர் மாற்றி வைத்தார் எனின், கண்டதனால் மட்டும் ஒன்றை அறிந்ததாகாது என்பது புலனாகும். இவ்வேரியின் வரலாறும் இதையே கூறுகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனில் மக்கள்தொகை பெருகியது. விளைநிலம் வேண்டும் என்ற வேட்கையில் ஏரிகளின் நீரை வடிக்கலாயினர். ஹார்ன்போர்யாவின் நீர்மட்டம் 1802 முதல் 1930கள் வரை ஐந்து முறை தாழ்த்தப்பெற்றது. இறுதி முறையில் ஏரியின் நடுவே வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றினர். ஆயினும் எதிர்பார்த்த கழனி கிட்டவில்லை. வேனில் வெள்ளம் ஆண்டுதோறும் வந்து மூடியது. கோடையில் நீர் வற்றிய தரையை நாணலும் புதரும் ஆட்கொண்டன. ஏரியும் போயிற்று, வயலும் வாய்த்திலது.

இந்நிலையிலும் சாரசங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அதற்குக் காரணம் ஏரி மட்டுமன்று, உருளைக்கிழங்கும் ஆகும். சாராயம் வடிப்பதற்காக ஏரியின் தென்கரையில் கிழங்கு பயிரிட்டனர். அறுவடையில் தப்பி மண்ணிற் கிடந்த கிழங்குகள் பனி நீங்கியதும் பறவைகளுக்கு விருந்தாயின. நெடுவழி வந்த பறவையின் ஆட்டத்திற்கு உரமளித்தது சாராயக் கிழங்கு என்பது வரலாற்றின் நகைச்சுவை. பின்னாளில் அச்சாகுபடி நின்றபோது, இரை வைத்துப் பேணும் வழக்கம் தோன்றியது. இன்று பார்லி தூவப்பெறுகிறது. அயல் வயல்களின் புதுவிதைப்பைப் பறவைகள் கிளறாதிருக்கவும் இது உதவுகிறது.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேனிலில் வந்து பார்த்தவனுக்கு ஏரி நிறைந்தே தோன்றியது. பனிநீர் பரந்து கிடந்தது, சாரசங்களும் ஆடின. குறை ஏதும் அவன் கண்ணிற் படவில்லை. ஆனால் கோடை முழுதும் நீரை நம்பிக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் முக்குளிப்பான்களும் வாத்தினங்களும் ஆண்டுக்காண்டு அருகின. அவற்றின் மறைவுக்கு ஆரவாரம் இல்லை. வழிப்போக்கரின் ஆட்டம், குடியிருந்தோரின் அழிவைத் திரையிட்டு மறைத்தது எனலாம்.

அத்திரையை விலக்கியவர்கள், எல்லாப் பருவத்திலும் கரையில் நின்று குறிப்பெழுதியவர்களே. ஸ்காராவைச் சார்ந்த பறவையியலாளர் ஸ்வான்பெரி அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். பல்லாண்டுகள் ஏரியை ஆராய்ந்து அதன் நலிவை எடுத்துரைத்தார். 1960களில் மீட்பு குறித்த ஆய்வுகள் தொடங்கின. நிலவுரிமை, செலவு, நீர்மட்டம் பற்றிய நீண்ட வாதங்களுக்குப் பின், 1990களின் முற்பகுதியில் நாணல் அகற்றப்பெற்று நீர்மட்டம் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் உயர்த்தப்பெற்றது. இரு முழத்திற்குச் சற்றுக் குறைந்த அளவுதான். எனினும் கோடையிலும் நீர் நின்றது, முக்குளிப்பான்கள் மீண்டன. ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்கு இரு முழம் விடையாயிற்று!

இன்று மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. குளிர் குறைந்துவருவதால், ஸ்பெயின்வரை சென்ற சாரசங்களுள் பல செர்மனியிலேயே தங்கிவிடுகின்றன. முன்னையோர் எழுதிவைத்த வருகை நாள்கள் இல்லையேல் இத்தகைய மாற்றங்களை அளந்தறிய இயலாது. ‘இன்று முதற் பறவை வந்தது’ என்னும் ஒற்றை வரிக்கு எழுதிய நாளில் பெருமதிப்பு இராது. நூறாண்டு கழிந்தபின் அதுவே சான்றாகிறது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள்முன் இவ்வரலாற்றை வைப்பதற்குக் காரணம் உண்டு. அழகிய காட்சியைப் பாடுதல் நம் மரபு, அது தொடரட்டும். ஆனால் ஆடும் பறவையைப் பாடும்போது, ஆடாது மறைந்த பறவையையும் தேடுவோமாக. திருவிழா நாளில் மட்டும் கரைக்குச் செல்பவர் ஏரியை அறியார். கோடையிலும் சென்று நீர் உளதா என்று பார்ப்பவரே அறிவார். அத்தகையோர் நம்மிடையே பெருகுக.