ஜப்பானியச் சிப்பாயின் மன உறுதியும் மலாயா கண்ட விளைவும்

போன தவணையில் படிவம் 4 மாணவர்களுக்கு வழக்கமான கேள்வி ஒன்றைக் கொடுத்திருந்தேன். மலாயாவை ஜப்பான் விரைவில் கைப்பற்றியதற்கான காரணங்களை விளக்குக. வந்த தாள்களில் முக்கால்வாசியில் ஒரே வரி இருந்தது: "ஜப்பானிய வீரர்களின் மன உறுதி." அதற்கு ஒரு புள்ளி உண்டு, போட்டுவிட்டேன். கோலா தெர்லா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற ஒரு மாணவி மட்டும் தாளை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். "சார், எங்க பாட்டியோட அப்பா சயாமுக்குப் போனவரு, திரும்பி வரல. அந்த உறுதிக்குப் புள்ளி கொடுக்கிறீங்க. அது நல்லதா, கெட்டதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நாம் எல்லாருமே அந்த வரியை எழுத வைத்துவிட்டு அடுத்த காரணத்துக்குப் போய்விடுகிறோம். ஆசிரிய நண்பர்களுக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் அந்தப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சண்டை. கேமரன் மலையில் இருக்கிறவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. தாப்பா பாதையில் இறங்கி வடக்கே கொஞ்ச தூரம் போனால் கம்பார். தெற்கே போனால் சிலிம் ரிவர். 1941 டிசம்பர் 8 அதிகாலையில் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். அந்த மாதம் 30-ஆம் தேதி கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் அவர்களை மறித்தன. குன்றுகளின்மேல் இருந்த பீரங்கிகளுக்கு எதிரே ஜப்பானியர் திரும்பத் திரும்ப ஏறி வந்தார்கள். விழுந்தார்கள், மறுபடியும் ஏறினார்கள். பாடநூல் சொல்கிற மன உறுதியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கம்பார்தான் இடம். ஆனாலும் கம்பார் வீழ்ந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. ஜப்பானியர் கடல்வழியாகத் தெலுக் அன்சன், அதாவது இன்றைய தெலுக் இந்தான் பக்கம் இறங்கிப் பின்னால் வந்துவிட்டார்கள். சுற்றி வளைக்கப்படுவோம் என்று 1942 ஜனவரி 2-ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் படை பின்வாங்கியது.

ஜனவரி 7-ஆம் தேதி சிலிம் ரிவரில் நடந்தது இன்னும் மோசம். விடியுமுன்னே நிலா வெளிச்சத்தில் டாங்கிகள் நெடுஞ்சாலையிலேயே ஓடி வந்தன. சில மணி நேரத்தில் இரண்டு படையணிகள் சிதறிப்போயின. சிதறியவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர், கூர்க்காக்கள் போன்ற இந்தியப் படை வீரர்கள். மலாயாவில் பிரிட்டிஷாரிடம் டாங்கியே இல்லை என்பதை மாணவர்கள் மறக்காமல் எழுத வேண்டும். அதேபோல நம் பகாங் கரையில், குவாந்தானுக்கு அப்பால் கடலில், டிசம்பர் 10-ஆம் தேதி 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்துவிட்டன. வானம் அவர்கள் கையில், கடல் அவர்கள் கையில். அதற்கு மேல்தான் சைக்கிள், காட்டுவழி, உறுதி எல்லாம். (இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. தானா ராத்தாவில் முன்பு பிரிட்டிஷ் ராணுவப் பிள்ளைகளுக்காக இருந்த ஸ்லிம் பள்ளிக்கும் சிலிம் ரிவருக்கும் சம்பந்தமில்லை. அது பின்னால் பர்மாவில் ஜப்பானியரைத் தோற்கடித்த தளபதி ஸ்லிம்மின் பெயர்.)

55 நாளில் ஜொகூர் முனைவரை வந்தார்கள். 70-ஆவது நாளில், பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்தது. தளபதி யமஷித்தாவிடம் அப்போது ஏறக்குறைய 30,000 பேர்தான் இருந்தார்கள், குண்டும் தீர்ந்துகொண்டிருந்தது. எதிரில் இருந்தவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அவர் உரக்கப் பேசியே பெர்சிவலைச் சரணடைய வைத்தார். துணிச்சல்தான், மறுக்க முடியாது.

அந்தச் சிப்பாய்க்கு இந்த உறுதி எங்கிருந்து வந்தது? பிறவியிலேயே வந்த குணம் மாதிரி சிலர் எழுதுகிறார்கள். அது பயிற்றுவித்து உண்டாக்கியது. 1941 ஜனவரியில், தோஜோ போர் அமைச்சராக இருந்தபோது, 'சென்ஜின்குன்' என்ற போர்க்கள விதிநூல் ஒவ்வொரு வீரனுக்கும் கொடுக்கப்பட்டது. உயிரோடு பிடிபட்டு அவமானப்படாதே, அதைவிடச் சாவது மேல் என்பது அதன் சாரம். அதிகாரி கீழே இருப்பவனை அறைவார். அவன் தனக்குக் கீழே இருப்பவனை அறைவான். கடைசிச் சிப்பாய்க்குக் கீழே யாரும் இல்லாதபோது, மலாயாவில் தெருவில் போகிற ஆள் கிடைத்தான். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால் முதலில் வருவது அந்த அறைதான், கவனித்திருப்பீர்கள். குனிந்து வணக்கம் வைக்காவிட்டால் கன்னத்தில் விழும். சரணடைவது இழிவு என்று பழக்கப்பட்டவன், சரணடைந்த கைதியையும் கூலியாளையும் மனிதனாக மதிப்பானா? மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

1942 நடுவில் ஜப்பானுக்கு ஒரு சிக்கல். பர்மாவில் இருந்த படைக்குக் கடல்வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. நீர்மூழ்கிகள் கப்பலை மூழ்கடித்தன. அதனால் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். பிரிட்டிஷார் முன்பே யோசித்து, முடியாது என்று விட்டுவிட்ட வழி அது. முடியாது என்பது ஜப்பானிய ராணுவத்தில் சொல்லக்கூடாத வார்த்தை. தண்டவாளத்துக்கு எங்கே போவது? இருக்கிற பாதைகளிலிருந்தே பெயர்த்தார்கள். அதில் நம் கிழக்குக் கரை ரயில் பாதையும் ஒன்று. பகாங், கிளந்தான் காடுகளில் நீண்ட தூரம் தண்டவாளம் காணாமல் போனது. பகாங்கின் அன்றைய தலைநகர் கோலா லிப்பிஸ் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

ஆளுக்கு எங்கே போவது? நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். போதவில்லை. மலாயாத் தோட்டங்களில் ரப்பர் வாங்க ஆளில்லாமல் பால்மரத் தொழிலாளர்கள் வேலையின்றி இருந்தார்கள். அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. வாழைமர நோட்டுக்கு மதிப்பு நாளுக்கு நாள் இறங்கியது. அப்போது, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத ஒப்பந்தம், சாப்பாடு, வீடு எல்லாம் உண்டு என்று சொன்னால் யார்தான் போகமாட்டார்கள்? முதலில் அப்படித்தான் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை. பிறகு யாரும் பெயர் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, வெளியே லோரியை நிறுத்தி ஏற்றினார்கள். வேலைக்குப் போன இடத்திலிருந்தே கொண்டுபோனதும் உண்டு. இப்படி மலாயாவிலிருந்து 75,000 பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

இப்போது அந்த 'உறுதி' என்ன செய்தது பாருங்கள். 1943 கடைசியில் முடிக்கவேண்டிய பாதையை, நான்கு மாதம் முன்னதாக ஆகஸ்டிலேயே முடிக்க மேலிடம் உத்தரவு போட்டது. அந்தத் தேதியை மாற்றச் சொல்லும் துணிவு எந்த அதிகாரிக்கும் இல்லை. இரவும் பகலும் வேலை. கைதிகள் அந்த மாதங்களைக் காவலர் கத்திய 'ஸ்பீடோ' என்ற சொல்லாலேயே குறிப்பிட்டார்கள். அதே நேரத்தில் பருவமழை, அதோடு காலரா. கைதிகளுக்கு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கணும், கழிவுக்குழி தள்ளி இருக்கணும் என்று கட்டுப்பாடு வைக்க ஆள் இருந்தது. செத்தவன் பெயரை எழுதி வைக்கவும் ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு இது எதுவும் இல்லை. தோட்டத்திலிருந்து வந்த கிராணியும் மண்டோரும் என்ன செய்ய முடியும்? ஒரு முகாமில் காலரா நுழைந்தால் முகாமே காலி.

பாதை 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இணைந்தது. கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாயாத் தமிழர் எனப் பல நாட்டு ஆசியத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் கிட்டத்தட்ட 30,000 பேரின் சாவு போருக்குப் பின் பதிவானது. பதிவாகாதவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்றே பலரும் கருதுகிறார்கள். காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. 1957-இல் வந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படம் உலகம் முழுக்க ஓடியது. அதிலும் அவர்கள் கதை இல்லை. எழுதி வைத்தது நம் எழுத்தாளர்கள்தான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டிய நாவல்கள்.

மாணவர்கள் விடையில் 'விளைவு' என்று எழுதும்போது ஜப்பானியச் சிப்பாய்க்கு என்ன ஆனது என்பதையும் சேர்க்கலாம். அதே ரயில் பாதை எந்தப் போருக்காகப் போடப்பட்டதோ, அந்தப் பர்மா முனையிலிருந்து 1944 மார்ச்சில் தளபதி முத்தகுச்சி இம்பாலை நோக்கிப் புறப்பட்டார். கிட்டத்தட்ட 85,000 பேர். கையில் மூன்று வார உணவு. அதற்குள் பிரிட்டிஷாரின் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். பிடிக்க முடியவில்லை. இருந்தும் நிறுத்தவில்லை. 50,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காயப்பட்டும் போனார்கள். குண்டுபட்டுச் செத்தவர்களைவிடப் பட்டினியாலும் நோயாலும் செத்தவர்கள் அதிகம். கோஹிமாவில் இருந்த தளபதி சாத்தோ மட்டும், சோறும் குண்டும் வராத இடத்தில் என் ஆட்களைச் சாக விடமாட்டேன் என்று உத்தரவை மீறிப் படையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருடைய பதவியைப் பறித்தார்கள். என் கணக்கில், அந்தப் போர்முனையில் உண்மையான மன உறுதி காட்டிய ஜப்பானியர் அவர்தான். இந்த அபிப்பிராயத்துக்குத் தேர்வில் புள்ளி கிடைக்காது, ஆனால் வகுப்பில் நல்ல விவாதம் கிடைக்கும். அந்தப் போர்முனையில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் நின்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் நிறையப் பேர். ஒரே லயத்திலிருந்து ஒருவர் சயாமுக்கும் இன்னொருவர் அந்தப் படைக்கும் போன காலம் அது.

போர் 1945 ஆகஸ்டில் முடிந்தும் சிலருக்கு முடியவில்லை. பிலிப்பைன்ஸ் தீவான லுபாங்கில் ஒனோடா என்ற அதிகாரி 1974 மார்ச் வரை காட்டில் இருந்தார். அவருடைய பழைய மேலதிகாரியே நேரில் வந்து உத்தரவை ரத்து செய்த பிறகுதான் துப்பாக்கியைக் கொடுத்தார். உலகப் பத்திரிகைகள் அதை வீரக்கதையாக எழுதின. அவருடைய குழு அந்த 29 வருடத்தில் போர் முடிந்ததே தெரியாத மாதிரி சுட்டுக் கொன்ற தீவுவாசிகளை எத்தனை பேர் எழுதினார்கள்? மலாயாவிலும் ஹஷிமோத்தோ, தனாக்கா என்ற இருவர் தங்கிவிட்டார்கள். இவர்கள் கதை வேறு. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியோடு சேர்ந்து காட்டில் இருந்து, 1989 டிசம்பரில் ஹாட்யாய் உடன்படிக்கைக்குப் பிறகுதான் வெளியே வந்தார்கள். 1990 ஜனவரியில் ஜப்பான் திரும்பினார்கள். வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

ஈட்டுத்தொகை? 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள உதவி தர ஒப்புக்கொண்டது. அரசுக்கு அரசு கொடுத்தது, கப்பல்களாக வந்தது. சயாமுக்குப் போனவரின் விதவைக்கு அதில் ஒன்றும் வரவில்லை.

அந்த மாணவியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வா என்றேன். தோட்டத்துப் பள்ளிகளில் இருக்கும் ஆசிரியர்கள் இதைச் செய்து பார்க்கலாம். இன்னும் சில வருடம் போனால் கேட்க ஆள் இருக்காது. அடுத்த வாரம் எழுதி வந்தாள். பாட்டி அப்போது கைக்குழந்தை. குடும்பம் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. மேல்மலைக்கு வந்தது பிறகுதான். சொன்னதெல்லாம் பாட்டியின் அம்மா சொன்னது. லோரி வந்தது மாலை நேரம், அவர் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினார், மூணு மாசத்துல வந்துருவேன்னார். கடைசி இரண்டு வரியை அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்: "ஏறின நாளு தெரியும், செத்த நாளு தெரியாது. அதனால திதி கொடுக்க முடியல, வருசா வருசம் ஆடி அமாவாசைக்குத்தான் படைக்கிறோம்."