வீழ்ந்தும் எழும் ஒரு கல்லூரிக் கழகம்

பந்தும் கையுமாகத் திரியும் பிள்ளையைக் கண்டால், "படிப்புக் கெட்டுப்போகும்" என்று நம் தோட்டத்துப் பெரியோர் கவலைப்படுவது வழக்கம். லயத்திலிருந்து வெளியேறக் கல்வி ஒன்றையே ஏணியாகக் கண்ட சமூகத்துக்கு அக்கவலை நியாயமானதே. ஆயினும், இரண்டையும் ஒருங்கே பேணிவரும் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நன்று.

அயர்லாந்தின் தலைநகராம் டப்ளினில், கத்தோலிக்கப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மாணவர் 1895ஆம் ஆண்டில் அக்கழகத்தை நிறுவினர். 1908இல் மருத்துவக் கல்லூரி டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியோடு இணைய, கழகமும் அப்பெயரைப் பெற்றது. நம் நாட்டிலும் 1921இல் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. டப்ளின் கல்லூரியோ பழைய பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது.

நெடுங்காலம் மாணவர் போட்டிகளில் புகழ்பெற்றிருந்த இக்கழகம், 1979இல் நாட்டின் பெருங்கழகங்கள் ஆடும் அயர்லாந்து லீக்கில் இடம்பெற்றது. டாக்டர் டோனி ஓ'நீல் என்பார் முன்னின்று, திறமையுள்ள ஆட்டக்காரர் பட்டப்படிப்பையும் தொடரும்படி உதவிப்பணத் திட்டம் ஒன்றை வகுத்தார்.

1984இல் தேசியக் கிண்ண இறுதியாட்டத்தில், அவ்வாண்டின் லீக் சம்பியனான ஷாம்ரொக் ரோவர்ஸ் எதிர்நின்றது. முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. மறு ஆட்டத்தில் கல்லூரிக் கழகம் 2-1 என வென்றது! அதனால் ஐரோப்பியக் கிண்ணவெற்றியாளர் போட்டியில் இங்கிலாந்தின் எவர்ட்டனைச் சந்தித்தது. டப்ளினில் 0-0, லிவர்பூலில் 1-0 எனத் தோல்வி. ஒரே கோலால் தப்பிய அந்த எவர்ட்டனே 1985இல் அக்கிண்ணத்தை வென்றது.

ஆனால் உச்சியில் நிலைத்திருக்க இயலவில்லை. 2003, 2008, 2014, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2004, 2009, 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் ஏறியது. 2015இல் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே, ஒழுக்கமான ஆட்டத்துக்குரிய இடத்தைப் பெற்று ஐரோப்பியப் போட்டிக்குச் சென்று, லக்சம்பேர்க்கின் டுடெலாஞ் கழகத்தை வெளியேற்றியது.

இவ்வேற்றத்தாழ்வின் காரணம் யாது? பயின்று தேர்ந்த ஆட்டக்காரன் பட்டத்தோடு விடைபெறுகிறான். அல்லது பெரிய கழகம் அவனை அழைத்துக்கொள்கிறது. மீண்டும் புதுமுகங்களைக் கொண்டு தொடங்கவேண்டும். கழகத்தின் பலவீனமும் அதுவே; பெருமையும் அதுவே.

ஹட்டன் டன்பார் மைதானத்திலும், நுவரெலியாவிலும், தோட்டத்துச் சிறு வெளிகளிலும் ஆடும் நம் இளைஞருக்கு இதில் பாடம் உண்டு. சிறந்த ஆட்டக்காரன் ஒருவன் பேராதனைக்குப் படிக்கச் சென்றால், அவ்வாண்டு நம் குழு தோற்கலாம். அத்தோல்வியை நாம் மனமுவந்து ஏற்போம். நமது சங்கங்களின் ஆண்டறிக்கைகளில், வென்ற கிண்ணங்களோடு பரீட்சையில் தேறிய ஆட்டக்காரரின் பெயர்களையும் அச்சிடுவோமாக. பெரியோரின் கவலை தீர அதனினும் நல்ல மருந்து வேறில்லை.