உபயமும் விளம்பரமும்

சிலப்பதிகாரத்தின் கட்டுரைகாதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை ஒன்று திருத்தங்கலில் நடக்கிறது. ஊருக்கு அன்று தங்கால் என்று பெயர். சேரநாட்டில் வாதில் வென்று பெரும்பொருளோடு சோழநாடு திரும்பும் பராசரன் என்னும் அந்தணன் தங்கால் மன்றத்தில் இளைப்பாறுகிறான். அங்கே விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம், தன்னோடு ஒத்து மறை ஓதுபவருக்குப் பரிசு என்கிறான். வார்த்திகன் என்பவனின் மகன், மழலை மாறாத பையன், பிசகாமல் ஓதி வெல்கிறான். முத்துப் பூணூலும் கடகமும் தோடும் பரிசாகக் கிடைக்கின்றன. பராசரன் தன் வழியே போய்விடுகிறான். ஏழைவீட்டில் திடீரென மின்னிய பொன்னைப் பொறுக்காத அரசுப் பணியாளர்கள், புதையலைக் கவர்ந்தவன் என்று வார்த்திகனைச் சிறையில் இடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பிழை உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுக்கிறான். ஒரே கதையில் இரண்டு கொடைகள் இருக்கின்றன. வழிப்போக்கன் தந்த பரிசு ஒரு பொழுது ஒளிர்ந்து, வென்றவன் வீட்டுக்கு வினையைக் கொண்டுவந்தது. நிலமாக வந்த கொடை ஊரோடு தங்கியது. போட்டிக்குப் பணம் தருபவர் வழிப்போக்கரா, ஊரில் இருப்பவரா என்பதைப் பொறுத்தே அந்தப் போட்டியின் ஆயுள் அமைகிறது என்பது என் கருத்து. இதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது, தங்காலுக்கு வெகுதொலைவில் பிறந்த மலைமிதிவண்டிப் பந்தயத்தின் வரலாற்றை.

அந்தப் பந்தயம் பிறந்தபோது அதற்குப் பணம் தந்தவர் எவருமில்லை. கலிபோர்னியாவின் மாரின் பகுதியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு மண்பாதையில், 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் கீழ்நோக்கிப் பாய்ந்தார்கள். இரண்டு மைல் தூரத்துக்குள் சுமார் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்குகள் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு மறுபடி கிரீஸ் திணிக்க வேண்டும் என்பதால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. நேரம் குறித்த சார்லி கெல்லி, வண்டி கட்டிய ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் எல்லோரும் அந்த மலையடிவாரத்தைச் சுற்றியே வாழ்ந்தவர்கள். உடைந்ததைத் தாங்களே ஒட்டினார்கள். உடையாதபடி செய்யும் வழியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். இன்று உலகமெங்கும் ஓடும் மலைமிதிவண்டியின் வடிவம் அந்தப் பழுதுபார்ப்பிலிருந்துதான் பிறந்தது. விளம்பரதாரர் இல்லாமல் எந்த விளையாட்டும் வளராது என்று சொல்பவர்கள் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

வளர்ச்சி வந்த வேகமும் உண்மைதான். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பர் கடைகளுக்கு வந்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டி; அடுத்த ஆண்டே ஜெர்மானிய மின்னணுக் கருவி நிறுவனமான குருண்டிக்கின் பெயரோடு உலகக் கோப்பை; 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக். இருபதாண்டுக்குள் ஒரு காட்டுப்பாதை விளையாட்டு ஒலிம்பிக் பதக்கம் வரை போனது. குருண்டிக்குக்கு மலையோடு உறவு எதுவும் இல்லை. ரேடியோவும் தொலைக்காட்சிப் பெட்டியும் விற்ற அந்த நிறுவனத்துக்கு, இளைஞர்கள் கண் பதியும் இடத்தில் தன் பெயர் இருந்தால் போதும். சைக்கிள் நிறுவனமான கேனன்டேல் கார் நிறுவனமான வோல்வோவோடு சேர்ந்து அணி நடத்தியது. தொண்ணூறுகள் முடிவதற்குள் குருண்டிக் விலகிவிட்டது. 2003இல் அந்த நிறுவனமே நொடித்தது. அதே 2003 ஜனவரியில் கேனன்டேலும் திவாலானது. பிறகு உலகக் கோப்பையின் நெற்றியில் டிஸ்ஸோ, நிசான் என்று பெயர்கள் மாறின. ரெட் புல் பல ஆண்டுகள் பந்தயங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டியது. 2023இல் போட்டி வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியின் கைக்குப் போனதும் பல நாடுகளில் கட்டணம் கட்டினால்தான் பார்க்க முடியும் என்றானது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பந்தயம் தன் பெயரையும் நாள்காட்டியையும் பார்வையாளர் வாசலையும் புதிய முதலாளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

இதை அமெரிக்க, ஐரோப்பியக் கதை என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டின் முற்றங்களில் நின்ற ஹெர்குலிஸ் சைக்கிளுக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. பர்மிங்காமில் பிறந்த ஹெர்குலிஸ், 1946இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தோடு சேர்ந்தது. அந்தக் குழுமமும் முருகப்பா குடும்பமும் இணைந்து 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்க, அம்பத்தூரில் உற்பத்தி நடந்தது. 1955இல் ஹெர்குலிஸ் பணத்தில் பயிற்சி பெற்ற வீரர்களை மையமாகக் கொண்டு, டூர் டி பிரான்சில் முதல் பிரிட்டிஷ் அணி இறங்கியது. பத்துப் பேரில் பந்தயத்தை முடித்தவர் இருவர். பிரையன் ராபின்சன் 29ஆம் இடம், டோனி ஹோர் கடைசி இடம். அந்த ஆண்டோடு நிறுவனம் அணியைக் கலைத்துவிட்டது. அம்பத்தூர் வண்டிகள் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தன. அவற்றை விற்றுத் தந்தவர்கள் ஊர் ஊராக இருந்த சைக்கிள் கடைக்காரர்களும், பால் கேனும் வாழைத்தாரும் கட்டிப் பாரம் ஏற்றியவர்களும். பந்தயம் இல்லாமலே சைக்கிள் உலகம் சுற்றும். பந்தயத்துக்குத்தான் சைக்கிள் நிறுவனம் தேவைப்படுகிறது. நிறுவனத்துக்குப் பந்தயம் ஒரு செலவுக் கணக்கு.

தன் பெயரை ஊரெங்கும் பரப்புவது எப்படி என்று, கதை நடந்த திருத்தங்கலுக்கும் அதை ஒட்டிய சிவகாசிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த பிறகு, அணிலும் காக்காவும் பெட்டியின் முகத்தில் ஏறின. அந்தச் சின்னக் காகிதத்துக்காகத்தான் இங்கே லித்தோ அச்சகங்கள் வந்தன. அச்சகங்களிலிருந்து நாள்காட்டி வந்தது. அடியில் கடைப்பெயர் அச்சிட்ட நாள்காட்டியைவிட எளிய விளம்பர உபயம் எதுவும் இல்லை. எதிர்முனையில் நின்றது ஸ்வீடனின் தீப்பெட்டிப் பேரரசு. அது 1923இல் இங்கே விம்கோவை நிறுவியது. அதன் தலைவர் ஐவார் குரூகர், அரசுகளுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோகம் வாங்கிய மனிதர். 1932 மார்ச்சில் அவர் பாரிசில் இறந்தபோது அந்தக் கடன் மாளிகை சரிந்தது. கரிசல் காட்டுக் கைவேலைத் தீப்பெட்டி பிழைத்துக்கொண்டது. சிறு உற்பத்தியாளருக்கு அரசு தந்த கலால் வரிச் சலுகையும் அதற்குக் காரணம் என்பதை மறைக்கக்கூடாது. ஆனாலும் பிழைத்த பணம் எங்கே போனது என்று பாருங்கள்: 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி. இவையும் பெயர் தாங்கிய கொடைகள்தான். பெயர் போட்டதில் குறை காண எதுவுமில்லை. பெயர் போட்டவர் அந்தத் தெருவிலேயே இருந்தார் என்பதுதான் குருண்டிக்குக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம்.

இதற்கும் முந்தைய, பெயரே இல்லாத ஒரு கொடைமுறை இங்கே உண்டு. அதுதான் மகமை. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்ற ஆறு ஊர் நாடார் வணிகர்கள், விற்கும் சரக்கின் மீது சிறு தொகையை உறவின்முறைப் பொதுநிதிக்கு ஒதுக்கினார்கள். வண்டிகள் தங்கும் பேட்டை, கிணறு, திருவிழா, பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து எழுந்தன. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியால் நடந்தது. வியாபாரம் நடக்கும்வரை மகமை வரும். ஒரு முதலாளி நொடித்தாலும் நிதி நிற்காது, ஏனென்றால் அது நூறு கல்லாப்பெட்டிகளில் வேர்விட்டிருக்கிறது.

மகமை சாதி நிதிதானே, விளையாட்டுக்கு அதை எப்படி மாதிரியாகக் காட்டலாம் என்று கேட்பார்கள். சரியான கேள்வி. கோயில் நுழைவுரிமை கேட்டதற்காக 1899இல் சிவகாசியில் மூண்ட கலவரத்தை நினைத்தால், வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய சுவர் அது என்று புரியும். ஆனால் சுவர் சுவர்தான். நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது வசூலிக்கும் முறையை மட்டும். யாருக்கு என்ற எல்லையை உடைத்துவிட வேண்டும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இந்தப் பகுதியின் தொழிற்பணத்தில் குழந்தைகளின் விரல் உழைப்பும் கலந்திருந்தது, 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்டச் சொன்ன வரலாறு இந்த மண்ணுக்கு உண்டு. ஊர்ப்பணம் என்பதாலேயே அது தூயது ஆகிவிடாது. ஆனால் ஊர்ப்பணத்திடம் ஊரார் கணக்குக் கேட்க முடியும். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எடுக்கப்படும் முடிவிடம் என்ன கேட்பது? மூன்றாவது வாதம்: பெரிய நிறுவனம் இல்லாமல் வீரர் ஒருவர் முழுநேரமாகப் பயிற்சி செய்து வாழ முடியுமா? முடியாது. இமாலயத்தில் ஹஸ்த்பா அமைப்பு 2005இல் தொடங்கிய எம்டிபி ஹிமாலயா பந்தயத்துக்கு லூதியானாவின் ஹீரோ சைக்கிள்ஸ் பெயரும் பணமும் தந்தது. தனக்கென ஓர் அணியையும் வைத்திருந்தது. இந்திய இளைஞர்கள் வெளிநாட்டு வீரர்களோடு சக்கரம் உரச ஓடியது அப்படித்தான். அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். உச்சிக்குப் போகப் பெருநிறுவனம் ஏணி தரும். ஏணியின் முதல் படிக்குக் கீழே இருக்கும் மண் யாருடையது என்பதே என் கவலை.

அந்த மண்ணை இங்கே இன்று தாங்குவது அரசு. ஒவ்வோர் ஆண்டும் அண்ணா பிறந்தநாளை ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியருக்குத் தனித்தனிப் பிரிவுகள். இந்தியாவில் தயாரான சாதாரண கைப்பிடி வண்டியை அவரவரே கொண்டுவர வேண்டும். பள்ளியில் இலவசமாகக் கிடைத்த வண்டியே பல வீடுகளில் இருக்கும் ஒரே சைக்கிள். பரிசு கொடுத்த மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த பந்தயம் அடுத்த செப்டம்பரில்தான். மேற்கே தெரியும் மலையில் தடம் போட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு 2021 முதல் புலிகள் காப்பகம், அது அப்படியே இருக்கட்டும். கண்மாய்க் கரைகளும் கரிசல் வண்டிப்பாதைகளும் போதும். ரீபேக்கும் ஒரு மண்பாதைதான். இந்த அச்சகங்களிலிருந்து வெளியேறும் நாள்காட்டிக் கட்டு ஒன்றுக்குச் சில காசுகள், பட்டாசுப் பெட்டி ஒன்றுக்குச் சில காசுகள் என்று மகமை பிடித்தால், மாதம் ஒரு பந்தயமும், செயின் அறுந்த வண்டிக்கு மாற்றுச் செயினும், தோற்ற பிள்ளைக்குத் திரும்பிப்போகப் பஸ் காசும் கிடைக்கும்.