பத்துக்கு ஒரு பெயர்

நான் அரசியல் அறிவியல் படிக்கப் போனதற்கு உண்மையான காரணம் கணக்கு. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவன். இனி அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று, பிளேட்டோ, அரிஸ்டாட்டில், அரசியல் சட்டம் என்று எம்.ஏ. வரை நிம்மதியாக ஓட்டிவிட்டேன். 1979-ல் எம்.ஃபில். சேர்ந்தபோது சிக்கிக்கொண்டேன். ஆராய்ச்சி முறைகள் என்று ஒரு தாள். அதில் பாதிக்கு மேல் புள்ளியியல். அதை நடத்தப் புள்ளியியல் துறையிலிருந்து ஒரு ஆசிரியர் வந்தார்.

முதல் நாள் அவர் ஒரு சூத்திரமும் எழுதவில்லை. 1967 சட்டமன்றத் தேர்தல் முடிவைக் கரும்பலகையில் எழுதினார். காங்கிரஸ் ஏறத்தாழ 41 சதவீத ஓட்டு, 51 இடம். தி.மு.க. 41-க்குச் சற்றுக் குறைவு, 137 இடம். "யாரை மக்கள் அதிகம் விரும்பினார்கள்?" என்று கேட்டார். அந்தத் தேர்தலைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தது இன்னும் காதில் இருந்தது. காங்கிரசுக்கு ஓட்டு கொஞ்சம் அதிகம் என்பது அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவரே விளக்கினார். காங்கிரஸ் 232 தொகுதிகளில் நின்றது. தி.மு.க. நின்றது 174-ல் மட்டும். மற்ற இடங்களைச் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் முதலிய தோழமைக் கட்சிகளுக்கு விட்டிருந்தது. காங்கிரசுக்கு எதிரான ஓட்டு சிதறாமல் ஒரே பெட்டியில் விழுந்தது. "இரண்டு எண்ணும் சரி. எதை எண்ணினோம் என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்" என்றார்.

அடுத்த வகுப்பில் அமெரிக்கக் கதை. லிட்டரரி டைஜஸ்ட் என்று ஒரு வாரப் பத்திரிகை. 1916 முதல் 1932 வரை ஜனாதிபதித் தேர்தலில் யார் வெல்வார் என்று சரியாகச் சொல்லிவந்தது. 1936-ல் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார், ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. நடந்ததோ, 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை. பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? அதோடு, சீட்டு கிடைத்தவர்களிலும் மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் நாலில் ஒரு பங்கு போலத்தான். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப், அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட்தான் என்று சொன்னார். 1938-ல் அந்தப் பத்திரிகையே நின்றுபோயிற்று. கேலப்பும் 1948-ல் ட்ரூமன் தோற்பார் என்று சொல்லித் தவறினார் என்பது வேறு கதை.

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிய நானே அதே குழியில் விழுந்தேன்.

என் ஆய்வேட்டுக்காக 1971 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எழுத்தறிவு விவரத்தையும், 1977 தேர்தலில் பதிவான வாக்குச் சதவீதத்தையும் பகுதி பகுதியாக எடுத்து இணைத்தேன். துறைக்கு ஒரே ஒரு கால்குலேட்டர், அதுவும் பீரோவில் பூட்டி இருக்கும். இரண்டு வாரம் கையாலேயே போட்டேன். எழுத்தறிவு குறைந்த இடத்தில் வாக்குப்பதிவு அதிகம் என்று வந்தது. எனக்கு ஒரே குஷி. "எழுத்தறிவற்றவர்களே அதிகம் வாக்களிக்கிறார்கள், பிறர் அழைத்துச் செல்லும் பக்கம் போகிறார்கள்" என்று எழுதிவிட்டேன்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "யாரைக் கேட்டுடா எழுதினே? நான் ஒரு எலெக்‌ஷனும் விட்டதில்லை. என்னை யார் கூட்டிட்டுப் போனா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் நான் ஒருவரையும் கேட்கவில்லை.

திரும்பி வந்து கைடிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-ல் எழுதிய ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்தார். 1930-ம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து எழுதியது. மாநிலம் மாநிலமாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள் அதிகமுள்ள இடத்தில் எழுத்தறிவின்மை குறைவு. ஒட்டுறவு மைனஸ் 0.53. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் தலைகீழ், பிளஸ் 0.12. அதாவது, குடியேறியவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். அவர்கள் போய்க் குடியிருந்தது படித்தவர்கள் மிகுந்த மாநிலங்களில். அவ்வளவுதான் விஷயம். ஊரை எண்ணிவிட்டு ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் செய்தது அச்சு அசலாக அதையே. அதிலும் யாரைப் பற்றிச் சொன்னேன்? என்னைப் படிக்க வைத்த அம்மாவைப் பற்றி.

எழுதிய அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். டில்லியில் ரஜனி கோத்தாரி 1963-ல் தொடங்கிய ஆய்வு மையம் 1967 தேர்தலின்போதே வாக்காளர்களை நேரில் கேட்டு ஆய்வு நடத்தியிருந்தது. "அந்த வழியில் போ, சின்ன அளவில் செய்" என்றார் கைடு. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களையும் அருகிலிருந்த சிறு நகரத்தையும் எடுத்துக்கொண்டேன். வாக்காளர் பட்டியலை வாங்கி, ஒன்றிலிருந்து பத்து வரை சீட்டு எழுதிக் குலுக்கினேன். ஏழு வந்தது. 7, 17, 27 என்று பத்துக்கு ஒரு பெயர். சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். பகலில் பாதிப் பேர் வயலில் இருப்பார்கள். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறாரே, அவரைக் கேட்டால் என்ன என்று கை அரிக்கும். கூடாது என்பது கைடின் உத்தரவு. வீட்டில் இருப்பவரை மட்டும் கேட்டால் அது டைஜஸ்ட் கதைதான். ஒரு ஆளுக்காக நாலு தடவை போனதுண்டு.

கடைசியில் பார்த்தால், நான் கேட்டவர்களில் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று ஓட்டுப் போடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. நகரத்தில் வாக்குப்பதிவு குறைந்ததற்கு முக்கியக் காரணம், பட்டியலில் பெயர் இருந்தும் வீடு மாறிப் போனவர்கள். நகரத்தில் எழுத்தறிவும் அதிகம் என்பதால் என் பழைய கணக்கு அப்படி வந்திருக்கிறது. "யாராவது அழைத்துப் போனார்களா?" என்று கேட்டபோது கோபித்துக்கொண்டவர்களே அதிகம், அம்மாவைப் போல.

பிறகு ஆசிரியராகி ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அதே 1967 எண்களைத்தான் எழுதினேன்.

அம்மாவுக்குக் கடைசிவரை ஒரு குறை. அவர் பெயர் என் பத்துக்கு ஒன்றில் விழவில்லை. "ஊரையெல்லாம் கேட்டான், பெத்தவளைக் கேக்கலை" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா என்பதற்காகக் கேட்டால் கணக்குக் கெட்டுப்போகும் என்று எத்தனையோ முறை விளக்கிப் பார்த்தேன். "போடா, நீயும் உன் கணக்கும்" என்பார்.