வேப்பிலை சொன்ன சேதி

வாயிலில் வேப்பிலைக் கொத்து! வழியே போவோர் கண்டனர். கண்டதும் விலகி நடந்தனர். எவரும் வாய் திறந்து சொல்லவில்லை. உள்ளே ஒரு குழந்தை அம்மை வார்த்துக் கிடக்கிறது என்பதைத் தெரு முழுவதும் அறிந்துகொண்டது. மாமல்லபுரத்தை நடுவில் வைத்துக் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரைக் குப்பங்களிலும், செங்கற்பட்டைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், பெரியம்மை உலவிய நாளெல்லாம் இருந்துவந்த வழக்கம் இது.

தெரு அறிந்தது, தடுக்கும் பொறுப்புடையோர் அறிந்தனரா? அங்கேதான் கதை தொடங்குகிறது.

வழக்கத்தை முற்றும் பழிப்பது நம் நோக்கமன்று. அயலார் உள்ளே வரக்கூடாது, வீட்டார் பிறர் வீடு செல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் ஓரளவு அறிவும் இருந்தது. ஆனால், "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்று சொல்லியான பிறகு, அவளைப் பற்றி அதிகாரியிடம் முறையிடுவது எப்படி? வந்தவள் விருந்தாளி, அவளை விரட்ட ஆள் அழைப்பது குற்றம் என்று கருதினார்கள். அம்மை குத்துபவர் ஊர் எல்லையில் தலை காட்டினால் பிள்ளைகள் பின்கட்டுக்குப் போனார்கள். வேப்பிலை அண்டை வீட்டாருக்குச் சேதி சொன்னது, ஆட்சிக்குச் சொல்லவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. சென்னை மாகாணத்தில் 1899-ம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு இறப்புகள் பதிவாயின. கிராமத்தில் அந்தப் பேரேடு கிராம முன்சீப்பின் கையில் இருந்தது. அடுத்து, 1939-ம் ஆண்டில் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. இந்தியாவிலேயே இத்தகைய விரிவான சட்டத்தில் இதுவே முதன்மையானது. தொத்துநோய் ஒருவருக்கு இருப்பதை அறியும் மருத்துவர், தாமதமின்றிச் சுகாதார அலுவலருக்கோ, கிராமமாயின் முன்சீப்புக்கோ தெரிவிக்க வேண்டும் என்றது அது. மருத்துவருக்கு மட்டுமா? வீட்டுத் தலைவருக்கும் விடுதி நடத்துவோருக்கும்கூட அக்கடமையை விதித்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் முன்சீப் எங்கே இருந்தார்? ஊரில். சேரி எங்கே இருந்தது? ஊருக்கு வெளியே. குப்பம்? அதற்கும் அப்பால், பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, மணல்மேட்டில். சேரியில் மூன்று பிள்ளைகளுக்குக் கொப்புளம் கண்டால், அச்செய்தி தலையாரியின் கால்களை நம்பி நடக்க வேண்டும். தீண்டாமை வகுத்த எல்லைகளைக் கடந்து பேரேட்டை அடைய வேண்டும். பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி 1980-ம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதுவரை பேரேட்டில் ஏறாமலே போன உயிர்கள் எத்தனை என்பதை எந்த ஏட்டைப் பார்த்து எண்ணுவது?

மக்கள் மறைத்ததற்கு மூடநம்பிக்கை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், எளிது. ஆனால் செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள திருமணி வேறொரு பாடம் கூறுகிறது.

தொழுநோயாளருக்கென வெள்ளையர் ஆட்சி 1898-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. பிழைக்க வழியின்றிப் பிச்சை எடுக்கும் தொழுநோயாளியைக் காவலர் ஆணையின்றியே கைது செய்யலாம். விசாரித்து விடுதிக்குள் அடைக்கலாம். விற்பதற்கான உணவைச் சமைப்பது, பொதுக்கிணற்றில் குளிப்பது போன்றவற்றையும் அவனுக்குத் தடை செய்யலாம். கையிலே காசுள்ளவன் வீட்டில் இருந்துகொள்வான். கந்தல் உடுத்தவன் காவலரோடு போவான்! இந்த நிலையில், தேமல் போல் ஒரு திட்டு, அதில் உணர்ச்சி இல்லை என்று கண்டவன் யாரிடம் ஓடிச் சொல்வான்? சட்டை போட்டு மறைத்தான். நோயும் ஒளிந்தது, நோயாளியும் ஒளிந்தான்.

திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் அமைந்த தொழுநோய் விடுதியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். அதுவரை இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். ஊசி வழியே ஏற்றுவார்கள். வலி மிகுதி, பயன் சிறிது. 1946-ம் ஆண்டில் காக்ரேன் அங்கே டாப்சோன் மருந்தை ஊசி மூலம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் அது மலிவான மாத்திரையாகி உலகெங்கும் பரவியது. வெளிநோயாளியாய் வந்து, மருந்து வாங்கி, மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலை வந்தது. 1955-ம் ஆண்டில் அவ்விடுதியை மைய அரசு ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. அடைத்து வைக்கும் சட்டமோ, ஏட்டிலிருந்து நீங்க 2016-ம் ஆண்டு ஆயிற்று!

பெரியம்மைக்கு வருவோம். ஊரெல்லாம் குத்தித் தீர்ப்பதைவிட, நோய் எங்கே என்று அறிந்து அதைச் சுற்றி வேலி போட்டாற்போல் குத்துவதே வழி என்று உலகம் கண்டது. அந்நாளில் செய்தியே மருந்தாயிற்று. நாட்டின் வடபகுதிகளில் பணியாளர்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் போய், அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி, "இப்படி யாரேனும் உண்டா?" என்று கேட்டனர். பெரியவர்கள் மறைத்ததைப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். வகுப்பறையில் நிற்கும் நமக்கு இதில் வியப்பில்லை. 1975-ம் ஆண்டில் சேதி கொண்டுவருவோர்க்கு ஆயிரம் ரூபாய் பரிசு என்று அறிவித்தார்கள். அவ்வாண்டு மே திங்களுக்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இதே குப்பங்களை வாரிச் சென்றது. முகாம்களில் மக்கள் நெருக்கமாய்க் கிடந்தனர். கொள்ளைநோய் வருமென்று அஞ்சாதோர் இல்லை. எத்தனை பேருக்குப் பேதி, எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று நாள்தோறும் கேட்டு எழுதினர் சுகாதாரப் பணியாளர். குடிநீருக்குக் குளோரின் இட்டனர். தமிழகக் கரையில் பெருங்கொள்ளைநோய் எதுவும் எழவில்லை.

காசநோயை மருத்துவர் கட்டாயம் அறிவிக்க வேண்டுமென்ற ஆணை 2012 மே திங்களில் வந்தது. 2018 முதல், அறிவிக்கப்பட்ட நோயாளிக்குச் சத்துணவுக்கெனத் திங்கள்தோறும் 500 ரூபாய். 2024 நவம்பரில் அது 1000 ரூபாயாயிற்று. ஆயினும், பிள்ளையின் விடுப்புக் கடிதத்தில் அந்த நோயின் பெயரை எழுதத் தயங்கும் பெற்றோரை நாம் இன்றும் காண்கிறோம். "காய்ச்சல்" என்று எழுதுகிறார்கள். எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டால், தரையைப் பார்க்கிறார்கள்.