அழகுச் சேவலும் மறைந்த குறையும்

ராஜபாளையம் நாயைப் போலவே, தமிழ்நாட்டின் கிளிமூக்கு விசிறிவால் சேவலும் மனிதத் தேர்வின் விளைவுதான். சண்டைச் சேவல் வழியில் வந்த இதில், வளைந்த அலகும் நீண்ட வாலும் உடையவற்றையே தலைமுறைதோறும் பொறுக்கி இணைத்தனர். களத்துச் சேவல் காட்சிச் சேவலாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சர் ஜான் செப்ரைட் பல இனங்களைக் கலந்து, வேட்டிக்குக் கரையிட்டதுபோல் ஒவ்வோர் இறகிலும் கருங்கரை ஓடும் குட்டைக் கோழியினத்தை உருவாக்கினார். கலப்பு புதுப் பண்பைத் தரும். அதை நிலைநிறுத்த, ஒத்த பறவைகளையே மீண்டும் மீண்டும் இணைக்க வேண்டும். அவை பெரும்பாலும் உறவுப் பறவைகளே. உறவுக்குள்ளேயே இணைத்தால் சந்ததி நலியும் என 1809இல் செப்ரைட்டே எச்சரித்தார்.

காரணம் என்ன? 1866இல் வெளியான மெண்டலின் ஆய்வு வழிகாட்டிற்று. ஒடுங்கு பண்பு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். உறவுக்குள் அந்த வாய்ப்பு மிகுதி. அழகு நிலைப்பதும், மறைந்த குறை தலைகாட்டுவதும் ஒரே வழியில்தான்!

ஆகவே, வாசகரே, ஆலங்குளத்தில் சேவல் வளர்த்தாலும் வாலை மட்டும் பாராதீர்கள். பொரித்த முட்டைகளையும் பிழைத்த குஞ்சுகளையும் கணக்கெழுதுங்கள். அவை குறைந்தால், உறவில்லாத வேற்றூர்ச் சேவலைச் சேருங்கள்.