பெயர் பொருளை ஆக்கும் இடம்

பெயர் என்பது முன்பே உள்ள பொருளைச் சுட்டுவது என்றுதான் மொழியியல் வகுப்பில் தொடங்குவோம். ஜாவா நிரல்களின் அமைவுக் கோப்பில் நடப்பது வேறு. அதில் ஒரு கிளாஸின் பெயரை எழுதிவைத்தால், நிரல் ஓடும்போது அப்பெயரிலிருந்தே ஆப்ஜெக்ட் பிறக்கிறது.

ஜாவாவின் முதற்பதிப்பிலேயே இதற்கு வழி இருந்தது. 1997இல் வந்த 1.1 பதிப்பின் ரிஃப்ளெக்‌ஷன் அதை விரித்தது. 2002இல் ராட் ஜான்சன் தம் நூலுடன் வெளியிட்ட நிரலிலிருந்து ஸ்பிரிங் வளர்ந்தது, 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வெளிவந்தது. எந்த ஆப்ஜெக்ட் எதனுடன் இணையும் என்பதை எக்ஸ்எம்எல் கோப்பே சொன்னது. தரவுத்தளத்தை மாற்றக் கோப்பைத் திருத்தினால் போதும். மீண்டும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. கோப்புகள் நீண்டு சலிப்பூட்டின என்பது பழைய குறை.

எனக்குப் பெரிதாகப் படுவது மற்றொன்று. கோப்பைத் 'தரவு' என்கிறோம். தரவு தானாக எதையும் செய்யாது என நம்புகிறோம். 2023 அக்டோபரில் அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூவில் வெளிப்பட்ட பிழை அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. எதிர்முனை ஒரு பிழைச்செய்தியில் எந்தக் கிளாஸைப் பெயரிட்டாலும், அம்மென்பொருள் சரிபாராமல் அதன் ஆப்ஜெக்டை ஆக்கிவிடும். தாக்கியோர் பெயரிட்டது ஸ்பிரிங்கின் கோப்பு வாசிக்கும் கிளாஸை. உடன் தந்தது தம் எக்ஸ்எம்எல் கோப்பின் இணைய முகவரியை. கணினிக் கட்டளைகளை இயக்கும் பிராசஸ்பில்டரை ஆக்கு, ஆனவுடன் தொடங்கு என்றது அக்கோப்பு. ஸ்பிரிங் சொன்னபடி செய்தது. ரான்சம்வேர் கும்பல்களுக்கு அதுவே வாயிலாயிற்று.

ஆக்டிவ்எம்கியூவில் செய்த திருத்தம் சிறியது: பெயரிடப்பட்ட கிளாஸ் உண்மையில் பிழையைக் குறிக்கும் வகைதானா என்று, ஆப்ஜெக்டை ஆக்குமுன் கேட்பது.